அமரும் உரிமை

மலைக்கும் கடலுக்கும் நடுவில், காயப்போட்ட வேட்டி மாதிரி அகலம் குறைந்து நீளம் மிகுந்து கிடந்தது நீள்கரை என்றொரு நாடு. அந்த நாட்டுக்கு ஒரே ஒரு ரயில்பாதைதான். வடகோடியில் கரட்டூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் வண்டி, தென்கோடியில் இருந்த தலைநகர் மாமதிலுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேரும். நீதிமன்றம், பெரிய ஆஸ்பத்திரி, ஆட்சி செய்கிறவர்கள் எல்லாமே மாமதிலில் இருந்ததால், குடிமக்களில் பாதிப்பேர் எப்போதும் அந்த வண்டியில்தான் இருந்தார்கள்.

வண்டிக்குப் பதினோரு பெட்டிகள். பத்து சாதாரணப் பெட்டிகள். இன்ஜினை ஒட்டி இருந்தது முதல் வகுப்பு. அதில் நீல வெல்வெட் உறை போட்ட நாற்பத்தெட்டு இருக்கைகள் இருந்தன. அவை சபை உறுப்பினர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் உரியவை. அவர்கள் எல்லோரிடமும் கார் இருந்தது. ஆகையால் நாற்பத்தெட்டு இருக்கைகளும் தினமும் காலியாகவே மாமதிலுக்குப் போய், காலியாகவே திரும்பி வந்தன.

அந்த வண்டியின் டிக்கெட் பரிசோதகர் தணிகாசலம். இருபத்தேழு வருடம் அதே வண்டியில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். சாதாரணப் பெட்டியில் நிற்க முடியாமல் யாராவது தள்ளாடினால், தோளில் லேசாகத் தொட்டு, "என் பின்னாடி வாங்க" என்பார். முதல் வகுப்புக் கதவைத் திறந்து உட்காரவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அப்படிச் செய் என்று சட்டம் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. இருபத்தேழு வருடத்தில் யாரும் புகார் கொடுத்ததும் இல்லை.

அப்படி உட்காரவைக்கப்பட்டவர்களில் ஒருவர் மாசிலாமணி. கரட்டூர் கல் அரவை ஆலையில் இருபது வருடம் கல் அரைத்தவர். கல் தூள் நுரையீரலில் இறங்கி, பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது. செவ்வாய்க்கிழமைதோறும் மனைவி பூரணி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவாள். வெல்வெட் அழுக்காகிவிடுமே என்று தோளில் கிடக்கும் துண்டை விரித்து அதன்மேல்தான் மாசிலாமணி உட்காருவார். பூரணி பக்கத்தில் நின்றுகொள்வாள். "நீயும் உக்காரும்மா" என்று தணிகாசலம் சொன்னால், "எனக்கு என்ன சார், கால் நல்லாத்தான இருக்கு" என்பாள். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

பிறகு தேர்தல் வந்தது.

சமநிலைக் கட்சியின் தலைவர் ஊர் ஊராகப் போய், காலியாகப் போகும் அந்த நாற்பத்தெட்டு இருக்கைகளைப் பற்றிப் பேசினார். நிற்கும் மக்களைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. சாதாரண டிக்கெட் வைத்திருப்பவருக்கும் முதல் வகுப்பில் அமரும் உரிமை சட்டமாக்கப்படும் என்று வாக்குக் கொடுத்தார். மக்கள் அள்ளி அள்ளி ஓட்டுப் போட்டார்கள். தணிகாசலமும் போட்டார். தான் இத்தனை காலம் கள்ளத்தனமாகச் செய்த ஒரு நல்ல காரியத்தை இனி நாடே வெளிச்சத்தில் செய்யப்போகிறது என்று அவருக்குச் சந்தோஷம். அமரும் உரிமைச் சட்டம் நிறைவேறிய அன்று கரட்டூர் நிலையத்தில் வெடி போட்டார்கள். மாசிலாமணிகூடக் கொஞ்சம் கைதட்டினார். கைதட்டியதில் இருமல் வந்துவிட்டது.

சட்டத்தோடு ஒரு படிவமும் வந்தது. சாதாரண டிக்கெட்காரர் முதல் வகுப்பில் அமர வேண்டுமானால், சாதாரணப் பெட்டிகளில் ஓர் இருக்கைகூடக் காலி இல்லை என்று பரிசோதகர் நேரில் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எண்ண வேண்டும். தணிகாசலம் எண்ணினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பத்துப் பெட்டிகளையும் எண்ணி முடித்து அவர் திரும்பி வந்தபோது, வண்டி மாமதிலின் முதல் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தது. மாசிலாமணி ஆறு மணி நேரமும் கழிப்பறைக் கதவில் சாய்ந்து நின்றே வந்திருந்தார்.

அந்த வாரமே பரிசோதகர்களின் கூட்டம் நடந்தது. அமருரிமை ஆணையர் விசுவேசுரர் தலைமை வகித்தார். சட்டத்தின் வாக்கியங்கள் எல்லாம் அவர் எழுதியவை. தணிகாசலம் எழுந்து நின்றார். கூட்டத்தில் எழுந்து பேசுவது அவருக்கு அதுதான் முதல்முறை.

"ஐயா, பத்துப் பெட்டியும் எண்ணி முடிக்கறதுக்குள்ள ஊரே வந்துருதுங்க. யாரையும் உக்காரவைக்க முடியல."

ஆணையர் அவரைக் கனிவோடு பார்த்தார். "எண்ண வேண்டிய பெட்டிகள் மிகுதி என்கிறீர்கள்."

"அது வந்துங்க…"

"நியாயமான குறை. மக்களுக்கு முதல் வகுப்பே திறந்துவிடப்பட்ட பின் பத்துச் சாதாரணப் பெட்டிகள் எதற்கு என்ற கேள்வியும் நமக்கு இருக்கிறது. உங்கள் குறை களையப்படும்."

மறுவாரம் வண்டியில் மூன்று சாதாரணப் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். பரிசோதகர்களின் வேண்டுகோளுக்கிணங்க என்று அறிவிப்பில் போட்டிருந்தது. பத்துப் பெட்டி ஜனம் ஏழு பெட்டியில் ஏறியது. அந்த ஏழு பெட்டிகளைக் கடக்க, முன்பு பத்தைக் கடந்ததைவிட அதிக நேரம் ஆயிற்று. தணிகாசலம் அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் எழுந்திருக்கவில்லை.

அடுத்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நிற்க முடிகிறவர்களும் உட்கார ஆசைப்படுவதாகத் தெரியவந்திருப்பதால், முதல் வகுப்பு கேட்பவர்கள் இனி நிற்க இயலாமைச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். மாமதிலில் ஓர் அலுவலகத்தில் அதைக் கொடுத்தார்கள். சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும். அலுவலகத்தில் நாற்காலி கிடையாது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தணிகாசலம் கேட்டார். "கிடைச்சுதாம்மா?"

"இல்ல சார்," என்றாள் பூரணி. "க்யூவுல நிக்கச் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் நின்னாரு. கடைசில உள்ள கூப்ட்டு, எவ்வளவு நேரமா நிக்கறீங்கன்னு கேட்டாங்க. இவரு ரெண்டு மணி நேரம்னாரு. அப்ப நிக்க முடியுதேன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

"வந்து ரெண்டு நிமிஷம்தான் ஆச்சுன்னு சொல்லியிருக்கலாம்," என்றார் மாசிலாமணி. "எனக்கு அந்த நேரத்துல தோணல."

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அந்தமுறை வரிசையிலேயே மயங்கி விழுந்துவிட்டாராம். "உடனே குடுத்துட்டாங்க சார்," என்றாள் பூரணி. நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

இதற்குள் சட்டத்தை மீறுகிறவர்களுக்குத் தண்டனையும் வகுத்துவிட்டார்கள். படிவம் நிரப்பாமல் ஒருவரை முதல் வகுப்பில் உட்காரவைப்பது, முறைப்படி விண்ணப்பித்த இன்னொரு குடிமகனின் உரிமையைத் திருடுவதற்குச் சமம் என்றார்கள். திரும்பும் வண்டியில் வேலை பார்த்த இரண்டு பரிசோதகர்களுக்கு அப்படி வேலை போயிற்று. சாதாரண உடுப்பில் கண்காணிப்பாளர்கள் பயணம் செய்வதாகவும் பேச்சு இருந்தது. தணிகாசலம் ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. முதல் வகுப்புக் கண்ணாடிக் கதவைக் கடக்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கப் பழகினார்.

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கரட்டூரில் வண்டி கிளம்பும்போதே பெட்டிக்குள் புழுங்கியது. மாசிலாமணியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இப்பால், நடைவழித் தரையில் அவரைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் பூரணி சான்றிதழை நீட்டினாள்.

"சார், இன்னிக்கு முடியாது போலருக்கு சார்."

தணிகாசலம் கதவைப் பார்த்தார். உள்ளே விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இதோ, எண்ணிட்டு வந்துடறேம்மா," என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். உண்மையாகவே ஓடினார். மூட்டைகளைத் தாண்டி, தூங்குகிறவர்களைத் தாண்டி, திட்டுகிறவர்களிடம் கும்பிட்டுக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பெட்டிகளிலும் ஓர் இடம்கூட இல்லை. அவருக்கு நம்பிக்கை வந்தது. ஐந்தாம் பெட்டியின் நடுவில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. பலகையின் ஆணிகள் கழன்று, ஒரு முனை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் சறுக்கி விழ வேண்டியதுதான். அதைச் சுற்றி முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

உடைந்த இருக்கையும் இருக்கையே என்று விசுவேசுரர் போன மாதம்தான் விளக்கம் அனுப்பியிருந்தார்.

தணிகாசலம் பேனாவைத் திறந்தார். காலியாக உள்ள இருக்கைகள் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினால் மாசிலாமணிக்கு இடமில்லை. இல்லை என்று எழுதினால் அது பொய். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளராக இருக்கலாம். சும்மா வேடிக்கை பார்க்கிறவராகவும் இருக்கலாம். தணிகாசலத்தின் பேனா காகிதத்தைத் தொடவில்லை. வேலந்துறை வந்து போயிற்று. கூட்டம் இன்னும் இறுகியது. புன்னைவாசல் வந்து போயிற்று. கட்டம் போட்ட சட்டைக்காரர் அங்கே இறங்கிப் போய்விட்டார். அதன்பிறகுதான் தணிகாசலம் இல்லை என்று எழுதினார். இருபத்தேழு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. மிச்ச இரண்டு பெட்டிகளை எட்டிக்கூடப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

பூரணி தரையில் உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணியின் தலை அவள் மடியில் கிடந்தது.

"வாங்கம்மா, எந்திரிங்க. எழுதியாச்சு," என்று சொல்லிக்கொண்டே தணிகாசலம் சாவியை எடுத்தார்.

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே உக்காரவைக்க வேணாம் சார்," என்றாள். "படுக்கவைக்கத்தான் எடம் வேணும்."

தணிகாசலம் கதவைத் திறந்து, அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பதினேழாம் எண் இருக்கையிலிருந்து பத்தொன்பது வரைக்கும் நீளமாகக் கிடத்தினார். மாமதில் வரும்வரைக்கும் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். தண்டனை கிடைக்கும் என்று நினைத்துத்தான் தணிகாசலம் போனார். கிடைத்தால் நல்லது என்றுகூட நினைத்தார். விசுவேசுரர் அவரை எதிரில் உட்காரச் சொன்னார். மேஜைமேல் அந்தப் படிவம் இருந்தது.

"ஒரு பிழைகூட இல்லாமல் நிரப்பியிருக்கிறீர்கள்," என்றார் ஆணையர். "உங்களுக்குத் தெரியுமா? சட்டம் வந்த நாளிலிருந்து இன்றுவரை முறைப்படி அனுமதி பெற்று முதல் வகுப்பில் பயணம் செய்த முதல் குடிமகன் இவர்தான்."

"ஐயா, அவர் பயணம் பண்ணல. செத்தப்புறம்தான் உள்ள கொண்டுபோனேன்."

"அனுமதி வழங்கப்பட்டது. அவர் முதல் வகுப்பில் மாமதில் வந்து சேர்ந்தார். இரண்டும் உண்மைதானே?"

"நான் எழுதினது பொய்யிங்க. அஞ்சாம் பெட்டில ஒண்ணு காலியா இருந்துச்சு. ஒடஞ்ச இருக்கை. நான் அதப் பாத்துட்டு…"

"திரு. தணிகாசலம்," என்றார் விசுவேசுரர், அவர் சொல்வதை முடிக்கவிடாமல், ஆனால் கோபமில்லாமல். "உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. படிவத்தில் துயரத்துக்குக் கட்டம் இல்லை. உயிருடனா என்பதற்கும் கட்டம் இல்லை. தேர்தல் வருகிறது. இந்தச் சட்டத்தால் பயன்பெற்றவர் யார் என்று கேட்பார்கள். நாடு ஒரு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அதைத் தந்திருக்கிறீர்கள்."

தணிகாசலத்துக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பதினேழாம் எண் இருக்கை மாசிலாமணிக்கு நிரந்தரமாக வழங்கப்பட்டது. அதன் முதுகில் பித்தளைத் தகடு பதித்து, முதல் வகுப்பில் அமர்ந்த முதல் எளிய மனிதர் என்று பொறித்தார்கள். திறப்புவிழாவில் தலைவரே வந்து மாலை போட்டார். அவருக்குக் குரல் தழுதழுத்தது. பூரணியை மேடையில் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

அந்தக் கோடையில் நடைவழியில் மேலும் பலர் இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கையும் ஒரு தகடும் கிடைத்தன. அடுத்த கோடைக்குள் நாற்பத்தெட்டு இருக்கைகளும் நிரம்பிவிட்டன. முதல் வகுப்பில் இன்று நூற்றுக்கு நூறு எளிய மக்களே என்று சமநிலைக் கட்சி சுவரெல்லாம் எழுதியது. அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யையும் எவராலும் காட்ட முடியவில்லை. கட்சி மறுபடியும் ஜெயித்தது.

பூரணிக்கு அந்தப் பெட்டியிலேயே வேலை போட்டுக்கொடுத்தார்கள். காலையிலிருந்து தகடுகளைத் துடைக்க வேண்டும். உட்காரக் கூடாது.

தணிகாசலத்துக்கு ஓய்வுக் காலம் நெருங்கியபோது, பதக்கம் பெற்றவர் என்று அவருடைய பணியை இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். வேண்டாம் என்று அவர் எழுதிக்கொடுத்தார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தினமும் பூரணியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் எப்போதும்போல, "வாங்க சார்" என்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நடைவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வீங்கியிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. தணிகாசலம் அவளைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் நின்றார். பிறகு படிவத்தை எடுக்காமல் சாவியை எடுத்தார். கண்ணாடிக் கதவை அகலத் திறந்தார்.

"உள்ள வந்து உக்காரும்மா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பித்தளைத் தகடுகள் வரிசையாக மின்னின. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

"வேணாம் சார். புள்ளத்தாச்சி நான். செத்தவங்க எடத்துல எப்படி உக்காருவேன்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் சொல்றேன்ல."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க பதக்கம் வாங்குனவரு. நீங்களே இப்படிச் சொல்லலாமா? நமக்காகச் செத்தவங்க சார் அவங்க. நாம நின்னா கொறஞ்சா போயிடுவோம்?"

உள்ளே துடைத்துக்கொண்டிருந்த பூரணி துணியைக் கீழே வைத்தாள்.

"அவரு யாருக்காகவும் சாகல," என்றாள். "நிக்க முடியாமச் செத்தாரு."

சொல்லிவிட்டுப் பதினேழாம் எண் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். கர்ப்பிணியைப் பார்த்து, பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக்காட்டினாள். "வா தாயி. இங்க வந்து உக்காரு."

அந்தப் பெண் ஒரு காலை உள்ளே வைத்தாள். யாரோ பின்னாலிருந்து அபாயச் சங்கிலியை இழுத்தார்கள். அவள் காலை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கோரையாறு என்ற சின்ன நிலையத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ரயில்வே காவலர் ஏறி வந்து பூரணியை இறக்கினார். நினைவிருக்கை அவமதிப்பு என்று புகார் எழுதிக்கொண்டார். மறைந்த மாசிலாமணியின் பெருமைக்குக் களங்கம் விளைவித்ததாக நாற்பது பயணிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒருவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை.

"மாசிலாமணி உங்களுக்கு என்ன ஒறவு?" என்று காவலர் கேட்டார்.

"புருஷன்."

காவலர் அதையும் எழுதிக்கொண்டு, மாமதிலுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல நிலைய அறைக்குள் போனார்.

வண்டி ஊதியது. தணிகாசலம் ஏறவில்லை. பரிசோதகர் இல்லாமலேயே வண்டி கிளம்பிப் போயிற்று. கடைசிப் பெட்டி கண்ணைவிட்டு மறைந்த பிறகு, நடைமேடையின் சிமெண்ட் பெஞ்சில் பூரணிக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு அவர் உட்கார்ந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்றார். "அன்னிக்கு எண்ணப் போனேன்ல. கூட்டத்தால லேட்டாயிடுச்சுன்னு நீ நெனச்சிட்டிருப்ப. அது இல்ல. ஒடஞ்ச இருக்கை ஒண்ணு கெடந்துச்சு. பேனாவத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னுட்டேன். யாரோ பாக்கறான்னு பயம். ரெண்டு ஸ்டேஷன் தாண்டற வரைக்கும் சும்மா நின்னேன்."

பூரணி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ரெண்டு ஸ்டேஷன் சார்?"

"வேலந்துறை. அப்புறம் புன்னைவாசல்."

"வேலந்துறையில தண்ணி கேட்டாரு," என்றாள் பூரணி. குரலில் கோபமில்லை. நினைவுபடுத்திப் பார்த்துச் சொன்னாள். "குடிச்சாரு. புன்னைவாசல்ல, சார் வர்றாரான்னு எட்டிப் பாக்கச் சொன்னாரு. பாத்தேன். கூட்டத்துல தெரியல. வந்துடுவாருன்னு சொன்னேன்."

தணிகாசலம் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பூரணி அவர் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போகவும் இல்லை.

உள்ளேயிருந்து காவலர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். தணிகாசலமும் எழுந்தார்.

"என்னையும் எழுதிக்கச் சொல்லணும்," என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் நடந்தார்.